ஒய்.பி.க்கு வந்த பார்சல்கள்

அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் வீட்டில் நடந்தவற்றை நான் ஞாயிறுகளை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன். கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கோயிலில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். முதல் மெழுகுவர்த்தி எரிந்த ஞாயிறன்றுதான் ஒய்.பி. சோற்றைக் கருக்கியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா மட்டும் அது அதற்கு முந்தைய வாரம் என்று இன்றும் சாதிக்கிறார். கருகிய சோற்றைச் சாப்பிட்டவர் அவர் என்பதால் அவருடைய கட்சியையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஒய்.பி. என்பது எங்கள் பூனை. தேர்தலில் ஜெயித்தவர்களை எங்கள் நாட்டில் அப்படித்தான் மரியாதையாக அழைப்போம். பூனைக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. யார் எந்தப் பையைத் திறந்தாலும் வந்து தலையிடுகிறது, மீதி நேரம் தூங்குகிறது, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுக்கிறது, வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டார். குட்டியாக இருந்தபோது அதை மழைக்கோட்டுக்குள் போட்டுக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது ஐந்தாவது மாடி. லிஃப்ட்டுக்கு வேலை செய்யும் நாள்களும் செய்யாத நாள்களும் இருந்தன. கீழே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். அதனால் ஒய்.பி. வாசலைத் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதுவும் வெளியே போக ஒன்றும் துடிக்கவில்லை. ஆனால் மூன்று அறைக்குள் அதன் புத்திக்குப் போதுமான வேலை இல்லை. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் படுக்கையறைக் கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. டெலிபோன் ரிசீவரைத் தட்டிவிட்டு அதிலிருந்து வரும் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த அப்பா, ரயிலைத் தவறவிட்ட செய்தியைச் சொல்ல எத்தனை முறை கூப்பிட்டாலும் வீட்டு லைன் பிஸியாகவே இருக்கும். அம்மா யாருடனோ மணிக்கணக்கில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த நினைப்பை வெளியே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

சோறு கருகியதும் அப்படித்தான். ரைஸ் குக்கரின் முன்னாலிருக்கும் சிறு கட்டையைக் கீழே அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது ஒய்.பி.க்குப் பிடித்திருந்தது. நாங்கள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், வெந்து சூடாக இருந்த சோற்றை அது திரும்பத் திரும்பச் சமைத்திருக்கிறது. கதவைத் திறந்தபோது வீடு முழுக்கப் புகை வாடை. ஒய்.பி. மாமாவின் மடியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

மாமா அங்கே எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார். செமினி முதல் கிள்ளான் வரை அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. தீபாவளிக்கு அடுத்த வாரம், மழையில், ஒரு வளைவில் விழுந்துவிட்டார். வலது கால் முட்டிக்குக் கீழே முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடியும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தவரை அம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அது பள்ளி விடுமுறையோடு சேர்ந்து கிடைத்த இன்னொரு விடுமுறை. நான் நான்காம் ஆண்டு முடித்திருந்தேன்.

ஓரிடத்தில் உட்காருவது மாமாவின் ரத்தத்தில் இல்லை. வந்த இரண்டாவது வாரம், அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, லிஃப்ட் கெட்டுப்போன நாளில், படி வழியாகத் தேத்தாரே டீ குடிக்கக் கீழே போய்விட்டார். ஏறி வரும்போது முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மருத்துவமனையில் எலும்பு கொஞ்சம் நகர்ந்திருப்பதாகச் சொல்லி மறுபடி கட்டுப் போட்டார்கள். இன்னொரு முறை இப்படிச் செய்தால் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா திட்டுவார் என்று காத்திருந்து நானும் மாமாவும் ஏமாந்தோம்.

அந்த வாரமே கூட்டாளி ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்து கீழே நிறுத்திவிட்டுப் போனார். அதன்பிறகு மாமா ஜன்னலோரம்தான் உட்காருவார். அவர் ரயில் பார்க்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று ரயில் பார்த்தேன்.

"அக்கா, என் ஹெல்மெட் எங்க?"

"ஒடஞ்சு போச்சுடா. குப்பையில போட்டாச்சு."

"சாவி?"

"கால்ல கட்டு இருக்கும்போது ஒனக்குச் சாவி எதுக்கு?"

இந்த உரையாடல் ஏறக்குறைய தினமும் நடந்தது. மாமாவின் குரலில் மட்டும் நாளுக்கு நாள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

சோறு கருகிய ஞாயிறன்று அம்மா குக்கரைக் கழுவப் போட்டுவிட்டு வந்து நடு ஹாலில் நின்றார். ஒய்.பி. மாமாவின் மடியில் இருந்ததால் அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசினார்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள இது ஒழுங்கா இருக்கக் கத்துக்கணும். இல்ல, ஜெஞ்சாரோம் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன். பேசியாச்சு. அங்க செம்பனைத் தோட்டத்துல எலி பிடிக்கட்டும்."

"இது டவுன் பூனைலா, அக்கா. எலியப் பார்த்தா சலாம் வச்சுட்டு வழி விட்டுடும்."

"அப்படின்னா நீயே ஒரு வழி பண்ணு. சும்மாதானே ஒக்காந்திருக்க."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஜெஞ்சாரோம் எனக்குத் தெரியும். வீட்டைச் சுற்றி வரிசை வரிசையாக எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். நடுவே கால்வாய். ஒய்.பி. அங்கே ஒரு நாள்கூடத் தாங்காது. அம்மா சமையலறைக்குப் போனதும், என்னை முதலாளி போல 'போஸ்' என்றே கூப்பிடும் மாமா என் சடையைப் பிடித்து இழுத்தார்.

"அழாத போஸ். நமக்கு ஒரு ஜோப் வந்திருக்கு."

முதலில் மாமா ஒரு தூண்டில் செய்தார். எங்கள் வீட்டில் பிரம்புக் கைப்பிடி போட்ட கோழி இறகுத் துடைப்பம் ஒன்று இருந்தது. இறகுப் பக்கம் தூசி தட்டவும் பிரம்புப் பக்கம் என்னைத் திருத்தவும் பயன்பட்டது. அதிலிருந்து ஒரு கொத்து இறகைப் பிடுங்கி, சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றில் கட்டி, கயிற்றை ஊன்றுகோலின் நுனியில் முடிந்தார். காலை முக்காலியில் நீட்டிவைத்துக்கொண்டு ஊன்றுகோலை ஆட்டினால் இறகு ஹால் முழுக்கப் பறந்தது. ஒய்.பி. சோஃபாவிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து அப்பாவின் பேப்பருக்கும் தாவியது. எங்களுக்கு வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் அது இறகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் டெலிபோனைத் தட்டிவிட்டது.

மாமா அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நம்ம தப்புதான் போஸ். தொரத்தித் தொரத்தி கையில ஒண்ணுமே கெடைக்கலன்னா நீ வெளையாடுவியா? அது ஜெயிக்கணும். ஜெயிச்சதும் திங்க ஏதாச்சும் இருக்கணும்."

அன்றிலிருந்து கடைசியில் இறகு ஒய்.பி.யிடம் பிடிபடும். பிடித்தவுடன் ஒரு நெத்திலி. தின்றுவிட்டு முகம் கழுவிக்கொண்டு தூங்கிவிடும். காலையில் அப்பா கிளம்புமுன் ஒரு முறை, சாயங்காலம் அவர் வருமுன் ஒரு முறை என்று வைத்துக்கொண்டோம். அந்த இரண்டு நேரத்தில்தான் அது அதிகமாக வம்பு செய்கிறது என்பதையும் மாமாதான் கவனித்தார். ஒரே பொருளைத் தினமும் காட்டாமல் இரண்டு மூன்று நாள் ஒளித்துவைத்து எடுத்தால் அது புதுசு போல ஓடிவரும் என்பதும் தெரிந்தது. இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றிய வாரம், முட்டை அட்டையின் குழிகளில் நெத்திலி போட்டுக் காகிதத்தால் மூடிக் கொடுத்தோம். ஒவ்வொரு குழியாகத் தோண்டும் என்று எதிர்பார்த்தோம். அது அட்டையை ஒரே தட்டில் கவிழ்த்துவிட்டு எங்களைப் பார்த்தது.

"கள்ளப் பயலே," என்றார் மாமா. அவர் குரலில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பார்சல் யோசனை அதன்பிறகுதான் வந்தது. மூன்றாம் ஞாயிறுக்குரிய ரோஸ் நிற மெழுகுவர்த்தி ஏற்றிய வாரம் அது. மாமா தன் தொழிலுக்கே திரும்பினார். ஒரு நெத்திலியைக் காகிதத்தில் சுற்றுவார். அதைத் தீப்பெட்டிக்குள் வைப்பார். தீப்பெட்டியைத் தமிழ்ப் பத்திரிகையில் பொட்டலம் கட்டி, சிவப்பு ராஃபியாவால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போடுவார். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. நான் டெலிவரி. சோஃபாவுக்குக் கீழே, மிதியடி அலமாரிக்குப் பின்னால், தையல் மெஷின் மிதிகட்டையில் என்று ஒளித்துவைத்துவிட்டு வருவேன். கதவைத் திறந்து ஒய்.பி.யை விட்டால், வீடு முழுக்க மோந்து மோந்து கண்டுபிடித்து, கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, உள்ளேயிருப்பதை எடுக்கும். முடிச்சு நாளுக்கு நாள் கஷ்டமாகியது. மாமா படுத்துக்கொண்டே புது முடிச்சு யோசிப்பார். சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் ஹெல்மெட் கேட்பது நின்றுபோனது. அதற்குப் பதில், "அக்கா, பழைய மைலோ டின் இருக்கா?" என்று கேட்டார்.

குக்கர் பிழைத்தது. டெலிபோன் மணி அடித்தது. அப்பா முதல்முறை லைன் கிடைத்த அதிர்ச்சியில் என்ன சொல்லக் கூப்பிட்டோம் என்பதையே மறந்துவிட்டாராம்.

சில்லறைப் புகார்கள் இருக்கத்தான் செய்தன. அப்பாவின் பேனா மூடி காணாமல் போனது. அம்மாவின் கொண்டைக் கிளிப் போனது. கிறிஸ்மஸ் குடிலிலிருந்து ஓர் ஆடு போனது. அதைவிட எனக்குக் கோபம் வந்தது இன்னொன்றில். தினமும் காலையில் அம்மா தன் துணி அலமாரியின் தள்ளுகதவைச் சாத்திக்கொண்டே, "இத யாரு தொறந்து வைக்கிறது? என் அலமாரில ஒனக்கு என்னா வேலை?" என்று என்னைத்தான் பிடிப்பார். நான் தொட்டதே இல்லை.

குடிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் மாட்டுத்தொழுவம், மரியாள், சூசை, இடையர்கள் எல்லாம் முன்பே வந்துவிடுவார்கள். வைக்கோல் மெத்தை மட்டும் காலியாக இருக்கும். குழந்தை இயேசுவைப் பண்டிகைக்கு முந்தைய சாயங்காலம்தான் வைப்போம். வைப்பது வீட்டில் சின்னவள் என்ற முறையில் நான். அதுவரை அம்மா சொரூபத்தை எங்காவது ஒளித்துவைப்பார், நான் எடுத்து விளையாடிவிடக்கூடாது என்று. அந்த ஆண்டு சமையலறையில் மேல் அலமாரியில், பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். பக்கத்தில் நெத்திலி ஜாடி. பஞ்சில் பொதிந்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, கைக்குக் கிடைத்த கயிற்றால் கட்டியிருக்கிறார். வீட்டில் அப்போது கைக்குக் கிடைத்ததெல்லாம் சிவப்பு ராஃபியாதான்.

இருபத்து நான்காம் தேதி சாயங்காலம். கோயிலுக்குப் போகப் புதுக் கவுன் போட்டு நான் குடிலுக்கு முன்னால் நின்றேன். அம்மா சமையலறைக்குப் போனார். பிஸ்கட் டின் நகரும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அம்மாவின் கையில் கிழிந்த பத்திரிகைத் தாளும் ஒரு முழம் சிவப்புக் கயிறும் இருந்தன.

ஒய்.பி. குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"கட்டில் தயாரா இருக்கு. ஆளைத்தான் காணோம்," என்றார் அப்பா.

"ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு. பாத்தியாடா தம்பி ஒன் பூனை லட்சணத்த? நாளைக்கே ஜெஞ்சாரோம்தான்."

நான் சோஃபாவுக்குக் கீழே தவழ்ந்தேன். தையல் மெஷினுக்குப் பின்னால் பார்த்தேன். டெலிவரி செய்த இடமெல்லாம் பார்த்தேன். கவுனின் முன்பக்கம் தூசியால் சாம்பல் நிறமானது. எங்கேயும் இல்லை. மாமா மட்டும் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

"போஸ், இங்க வா. பார்சல வாசல்லயே பிரிச்சாலும் உள்ள இருக்கறத யாராச்சும் அங்கயே விடுவாங்களா? வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிதான் வைப்பாங்க. இது பிரிச்சது அடுப்படியில. வச்சது எங்க? அதத்தான் கண்டுபிடிக்கணும்."

"எப்படி மாமா?"

"இன்னொரு டெலிவரி பண்ணுவோம்."

ஒரு பொட்டலம் கட்டினார். நெத்திலி வைக்கவில்லை. குடிலிலிருந்து இன்னோர் ஆட்டை எடுத்து, நெத்திலி ஜாடிக்குள் ஒரு முறை புரட்டி, அதைச் சுற்றிக் கொடுத்தார். ஒய்.பி. கயிற்றை அவிழ்த்தது. ஆட்டை மோந்து பார்த்தது. தின்ன முடியாது என்று தெரிந்ததும் கழுத்தைக் கவ்விக்கொண்டு, வாலைத் தூக்கியபடி, அம்மாவின் அறைக்குள் நடந்தது.

அம்மா அதற்கு முன்பே அங்கே போய் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இங்க இல்ல. நான் பாத்துட்டேன்."

"எப்பம்மா பாத்தீங்க?"

"பாத்தேன்னு சொல்றேன்ல. வெளிய போ."

ஒய்.பி. அம்மாவின் புடவைக் கொசுவத்தைச் சுற்றிக்கொண்டு போய், பாதத்தைத் தள்ளுகதவின் இடுக்கில் நுழைத்து, இழுத்தது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. தினமும் அதைத் திறந்துவைத்தது யார் என்பது நிரூபணமான மகிழ்ச்சியில், "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று நானும் அதன் பின்னாலேயே உள்ளே தலையை விட்டேன். கம்பளிகளுக்குப் பின்னால் கருப்பாக, உருண்டையாக ஏதோ இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து வெளியே எடுத்தேன்.

அது மாமாவின் ஹெல்மெட். அதை அப்படியே மல்லாத்தி ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். உள்ளே மெத்தென்ற துணியின்மேல் பேனா மூடி, கொண்டைக் கிளிப், காணாமல் போன ஆடு, நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி குழந்தை இயேசு. குதிகாலில் மட்டும் ஒரு சின்னப் பல்தடம். எங்கள் குடிலில் வைக்கோல் மெத்தையைவிட அந்த இடம் நிச்சயம் வசதியாக இருந்தது. ஓரத்தில் ஒரு சாவியும் கிடந்தது.

எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இயேசுவைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். அதன் வலது பக்கத்தில், நெற்றியிலிருந்து காதுவரை, கருப்புப் பெயிண்ட் உரிந்து, வெள்ளையாக நீண்ட கீறல்கள்.

 இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டு, எல்லாம் கூடிவரும் நேரத்தில் ஒய்.பி. இப்படிச் செய்துவிட்டதே என்று நினைத்தேன். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்து, கீறல்களின்மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டேன்.

"ஒய்.பி. பண்ணல மா. நான்தான் கீறினேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர், முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வெகுநேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மாமா கையை நீட்டினார். நான் கொடுத்தேன். குழந்தை இயேசுவை எடுத்து என் கையில் வைத்தார். சாவியை எடுத்து விரல்களுக்கு நடுவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"குப்பையில போட்டுட்டேன்னு சொன்னியே அக்கா."

"போடத்தான் எடுத்துட்டுப் போனேன்," என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "முடியல."

மாமா சாவியை என்னிடம் கொடுத்தார். "போஸ், இத அக்காகிட்ட டெலிவரி பண்ணு. மூணு ராஜா வந்து போற வரைக்கும் அவங்ககிட்டயே இருக்கட்டும்." பிறகு ஹெல்மெட்டைக் குடிலுக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தார். ஒய்.பி. உள்ளே ஏறிச் சுருண்டுகொண்டது. நான் குழந்தை இயேசுவை வைக்கோலில் வைத்தேன். அன்று நாங்கள் பூசைக்குத் தாமதமாகப் போனோம். தூசி படிந்த கவுனோடு போனதற்காக ஒருவரும் என்னைத் திட்டவில்லை.

ஒய்.பி. ஜெஞ்சாரோமுக்குப் போகவில்லை. அந்த ஹெல்மெட்டிலேயே படுத்துக் கிழடாகி, பல ஆண்டுகள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. மாமா நொண்டாமல் நடக்கிறார். இப்போது லோரி ஓட்டுகிறார். முடிச்சு மட்டும் இன்னும் யாராலும் அவிழ்க்க முடியாதபடிதான் போடுவார்.

கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் ஜெஞ்சாரோம் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார நேர்ந்தபோது, நடந்ததைச் சரிபார்த்துக்கொள்ளும் என் வழக்கப்படி, அந்த ஆண்டு எங்கள் பூனையை வாங்கிக்கொள்ள எப்போது ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"பூனையா? எங்க வீட்டுலதான் அப்ப மூணு நாயி இருந்துச்சே. ஒங்கம்மா பூனையப் பத்தி ஒரு வார்த்த பேசலடி. தம்பி வீட்டுல தங்குறானான்னு கேட்டதுக்கு, ஏதோ வேலை குடுத்து ஒக்கார வச்சிருக்கேன்னுதான் சொன்னா."

அம்மாவிடம் நான் இதைக் கேட்கவில்லை. அந்தக் கிறிஸ்மஸ் முழுக்க ஒய்.பி.யைக் காப்பாற்றியது நான்தான் என்ற நினைப்பில்தான் இருந்தேன். என் உள்ளங்கையால் மூடியும் முழுக்க மறையாத கீறல்கள் அவை. பூனையின் நகம் அவ்வளவு தூரம் கீறாது, மழையில் நனைந்த தார் ரோடுதான் கீறும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.